மலைக் கிராமச் சாலைக்கு அனுமதி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாவட்ட வன அலுவலர்களுக்கும்,

வணக்கம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி, பச்சமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைக் கிராமங்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அங்கே போகும் சாலைகளைப் பற்றி மட்டுமே இந்த மடலில் பேசுகிறேன்.

தேர்தல் வந்தால் தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் வாக்கு இயந்திரம் ஏறும், பத்திரிகையில் படமும் வரும். தேர்தல் முடிந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலை இல்லாத மலையூர்களில் ரேஷன் அரிசி தலைச்சுமையாகத்தான் மேலே போகிறது. பிரசவ வலி எடுத்தால் டோலிதான். நீளமான கழியில் போர்வையைக் கட்டி, அதில் பெண்ணைப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வருவார்கள். ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் அதுவும் முடியாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்துபோனது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டே மலையேறினார்.

மக்கள் மனு கொடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 'காப்புக்காடு, மத்திய அரசு அனுமதி வேண்டும்.' நீண்ட சாலைக்கு அது சரி. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உட்பட 13 வசதிகளுக்கு, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறி வன நிலம் தரலாம் என்கிறது அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். மூன்று மீட்டர் அகலத்துக்குப் போட்டால் ஒரு ஹெக்டேருக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சாலை வரும். பல ஊர்களின் பிரச்சினையே அந்த இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான்.

இதற்கு டெல்லி வரை கோப்பு போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலரே அனுமதிக்கலாம். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவெடுக்கும்.

தமிழ்நாட்டில் ஏற்கனவே நிறையக் காலம் போய்விட்டது. நீதிமன்ற இடைக்காலத் தடையால் 2008 முதல் 2016 வரை இந்தச் சட்டம் இங்கே ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. மத்தியத் திட்டங்களிலும் நம் மலைகள் நழுவுகின்றன. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கு 250 பேர் இருந்தாலே போதும் என்று சலுகை தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே இல்லை. 2023இல் வந்த ஜன்மன் திட்டம் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கான மத்தியத் திட்டம். தமிழ்நாட்டில் அது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களுக்கானது. கல்வராயனிலும் ஜவ்வாதிலும் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடிகள் அதில் வரமாட்டார்கள். மாவட்டச் சராசரியை வைத்துப் பின்தங்கிய பகுதியைத் தேடினாலும் ஜவ்வாது மலை தட்டுப்படாது. மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கும் மலை அது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அது ஒரு மூலை.

நாமக்கல் மாவட்டம் போதமலைக்குச் சாலைப் பணி தொடங்கியது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அந்த அளவு செலவும் அனுமதியும் கிடைக்கும்வரை எல்லாச் சிற்றூர்களும் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

அதனால் கேட்கிறேன். முதலில், சாலை இல்லாத மலையூர்களின் பட்டியலை ஊர்ப் பெயரோடும் தூரத்தோடும் மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். எந்தெந்த ஊர் 3(2)க்குள் அடங்கும் என்று அதிலேயே குறியுங்கள். அப்புறம், கிராம சபையை அந்தந்தக் குக்கிராமத்திலேயே கூட்டுங்கள். அடிவாரத்தில் கூடும் ஊராட்சிக் கூட்டத்துக்கு மேலேயிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை பேர் இறங்கி வருவார்கள்? தீர்மானம் எழுத, விண்ணப்பப் படிவம் நிரப்ப, நிலத்தை அளக்க உங்கள் ஊழியர்களையே மேலே அனுப்புங்கள். மனு எழுதத் தெரிந்த ஊருக்கு மட்டும் சாலை என்று ஆகிவிடக் கூடாது.

மறுப்பதாக இருந்தால் எந்த நிபந்தனை பொருந்தவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். 'வனத்துறை ஆட்சேபம்' என்ற ஒற்றை வரியோடு மனுவை முடித்துவைக்காமல், கோப்பை மாவட்டக் குழுவுக்கு அனுப்பி, அங்கே என்ன முடிவானது என்பதை அந்த ஊர் மக்களுக்கும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மலையூர் மக்களின் மேல் அக்கறை உள்ள ஒருவர்