உறுப்பினர் பட்டியலை வங்கிக்குக் கொடுத்துவிடாதீர்கள்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தமிழ்ப் பள்ளி வாடகைக்கும் பொங்கல் விழா அரங்குக்கும் பணம் புரட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் நுழைவுச்சீட்டு மேசையில் உட்கார்ந்தவன் நான். சங்கத்தின் பெயர் போட்ட கிரெடிட் கார்டு வெளியிடலாம், அதில் ஆகும் செலவில் ஒரு பங்கு சங்கத்துக்கு என்று ஒரு வங்கி வந்தால், கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்.

யோசனை பழசுதான். 1983இல் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க, கார்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் 1 சென்ட், புதுக் கார்டுக்கு 1 டாலர் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 17 லட்சம் டாலர் சேர்த்தது. அது நாடு முழுக்கப் புழங்கிய கார்டு. நம்மிடம் இருப்பது சில நூறு குடும்பங்கள். செலவில் அரை சதவீதம் சங்கத்துக்கு என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 டாலர் செலவழிக்கும் குடும்பத்தால் வருடத்துக்கு வருவது 60 டாலர். அதே குடும்பம் 2,000 டாலர் பாக்கியை 20 சதவீத வட்டியில் ஒரு வருடம் வைத்திருந்தால், வட்டி மட்டும் 400 டாலர்.

அப்படி வட்டி கட்டியவன் நான். படிக்க வந்த புதிதில், கல்லூரி மணிக்கூண்டுப் படம் போட்ட கார்டை ஒரு டி-சர்ட்டோடு நீட்டினார்கள். நம் கல்லூரிக்கு நல்லதுதானே என்று வாங்கினேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். பர்ஸில் உரசி மணிக்கூண்டு வெளிறிப்போன பிறகும் கடன் தீரவில்லை.

வங்கிக்கு உண்மையில் வேண்டியது நம் முகவரிப் பட்டியல். இப்படி வரும் வருமானத்துக்கு வரி இல்லை என்று சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 1990களில் வழக்காடி வென்றது. அது பெயரையும் பட்டியலையும் பயன்படுத்த விட்டதற்கான ராயல்டி என்பதுதான் அவர்கள் வாதம். ஆக, அது நன்கொடை இல்லை, வாடகை. பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் எழுதிக் கொடுத்த முகவரியை வாடகைக்கு விட யாரும் சம்மதிக்கவில்லையே!

சரி, கார்டு வேண்டும் என்றே முடிவெடுத்தால், ஒப்பந்தத்தைப் பொதுக்குழுவில் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். கல்லூரிகள் வங்கிகளோடு போடும் இத்தகைய ஒப்பந்தங்களை வெளியிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விருப்பம் தெரிவித்தவர்களின் முகவரியை மட்டும் கொடுங்கள்.

அதற்கு முன்னால் எங்களிடம் நேராக அந்த 60 டாலரைக் கேட்டுப் பாருங்கள். நம்மில் பலர் வேலை பார்க்கும் நிறுவனங்கள் ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாக அதே தொகையைத் தருகின்றன. அந்தப் படிவத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றால், பொங்கல் விழாவில் அதே மேசையில் நான் உட்காருகிறேன்.

அன்புடன்,
ஓர் உறுப்பினர்