எண்ணெயை அப்படியே தடவச் சொல்லிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஞாயிறு இணைப்பில், மூலிகை எண்ணெய்களை இயற்கை ஜெல்லுக்குள் அடைத்துக் கிருமியைக் கட்டுப்படுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசிப் பத்தி வரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜெல் எல்லாம் ஆய்வகத்துக்காரர்களுக்கு, வீட்டில் கிராம்பு எண்ணெயை அப்படியே தடவினாலும் அதே பலன்தான் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த வரியை என் அக்கா நம்பிவிட்டாள்.

அத்தானுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. குதிகாலில் சின்னப் புண். கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடையில் எண்ணெய் வாங்கி, மூன்று நாள் பஞ்சில் நனைத்து வைத்துக் கட்டியிருக்கிறாள். பாதம் மரத்துப்போன மனிதருக்கு எரிச்சல் எங்கே தெரியும்? நான் போய்க் கட்டைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி பஞ்சோடு வந்தது. அலமாரியில் பாட்டில், அதன் அடியில் எண்ணெய்க் கறையோடு மடித்து வைத்த உங்கள் பக்கம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், இன்னும் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருக்கிறார்.

நான் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லப்போவதில்லை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். அது பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவிட்டுக் கொல்கிறது. நம் தோலின் செல்லுக்கும் சவ்வு உண்டு, அடர்த்தியாகப் பட்டால் அதையும் விட்டுவைக்காது. ஜெல்லுக்குள் அடைப்பதே இதற்காகத்தான், அளவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட. இந்த எண்ணெய்கள் தண்ணீரோடு சேராது, திறந்து வைத்தால் ஆவியாகிவிடும், காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டும் போகும். அதற்கும் அந்த ஜெல்தான் காவல்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் செய்தே காட்டியிருக்கிறேன். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் தேன் பதத்துக்குக் கரைத்து, அதில் எண்ணெய் சில சொட்டு விட்டு நன்றாக அடித்து, ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்துக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால், விழுந்த இடத்திலேயே வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டுகொள்ளும். கால்சியம் போய் ஆல்ஜினேட் இழைகளைக் கோத்துப் பிடிப்பதால் வருவது அது. காகிதத்தில் விட்ட எண்ணெய்ச் சொட்டில் நாளாக நாளாக வாசம் குறைந்துகொண்டே போகும். உருண்டையை நசுக்கினால் அப்போதும் மூக்கில் ஏறும். அதே பலன் என்று எழுதியவர் ஒரு தடவையாவது இதைச் செய்து பார்த்திருக்க வேண்டாமா? ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டில், எண்ணெயைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுந்தது என்பதும் சர்க்கரைப் புண் ஆறியது என்பதும் ஒன்றல்ல என்றாவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. டெல்டா என்றால் உங்களுக்கு ஜூன் 12, மேட்டூர் திறந்தார்களா இல்லையா, கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்ததா, இவ்வளவுதான். ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தாலே ஒரு காரமான வாசம் வருமே, அது வெற்றிலையின் எண்ணெய்தான், அதிலும் யூஜினால் இருக்கிறது. கவுளி கட்டும்போது கிழிந்த இலை, புள்ளி விழுந்த இலை எல்லாம் குப்பைக்குப் போகிறது. அந்த இலையிலும் எண்ணெய் உண்டு, வடித்து எடுக்கலாம். நாகப்பட்டினத்தில் நாறிக்கொண்டு கிடக்கும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கலாம், அதுவும் இந்த எண்ணெய்களை அடைத்துவைக்கப் பயன்படும் பொருள்தான். இதை இரண்டு முறை உங்களுக்கு எழுதினேன். ஒன்று வரவே இல்லை, மற்றொன்றில் இறால் ஓட்டை வெட்டிவிட்டு வெற்றிலையின் மருத்துவ குணங்கள் என்று தலைப்புப் போட்டீர்கள். சரி, பக்கத்தில் இடமில்லை என்று இருந்துவிட்டேன். இப்போது இருக்க முடியவில்லை.

முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். அதனால்தான் அக்காவும் நம்பினாள்.

கேட்பது இரண்டு வரித் திருத்தம். கிராம்பு எண்ணெயை நீர்க்காமல் தோலில் தடவக்கூடாது, சர்க்கரைப் புண்ணுக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் வைக்கக்கூடாது என்று. எட்டாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில் போடுங்கள். அக்கா அதை மட்டும்தான் படிப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மயிலாடுதுறை.