ஒரே பையில் இரண்டு ஜெர்சி: அயர்லாந்து கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்து கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் டொனகாலில், லெட்டர்கென்னி ஊரிலிருந்து எழுதுகிறேன். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை. நான் பின்னாலேயே வந்து சேர்ந்தவன். தமிழில் எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே ரொம்ப மரியாதைக்காரனாகிவிடுகிறேன், சொல்ல வந்தது நழுவிவிடுகிறது. வேண்டுமானால் யாரையாவது வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் நம்மவர்கள் படித்துவிடட்டும்.

2024 டிசம்பரில் உங்கள் பொதுச் சபை ஒரு முடிவுக்கு வாக்களித்தது. கிராமத்து லீக் முதல் மேல்மட்டம் வரை எல்லோரும் ஒரே நாட்காட்டியில், ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்துக் கடுங்குளிருக்கு முன் முடியும்படி ஆட வேண்டும். 2028க்குள் மாறிவிட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தம்.

இதைப் படிக்கும் தமிழர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே கால்பந்து என்றால் இரண்டு உண்டு. உலகம் முழுக்க ஆடுவதற்குச் சாக்கர் என்று பெயர். இன்னொன்று கேலிக் கால்பந்து. பந்தைக் கையிலும் பிடிக்கலாம், தட்டிக்கொண்டும் ஓடலாம், கம்பத்துக்கு மேலே அடித்தாலும் புள்ளி. அதற்குச் சம்பளம் கிடையாது. பிறந்த ஊருக்காக ஆடுவது. கிராமப்புறத்தில் பல பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். எங்கள் டொனகால் லீக்கில் சாக்கர் குளிர்காலத்தில், கேலிக் கோடையில். இப்படித்தான் காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பக்கத்து வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அம்மாவின் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர். சாக்கர் ஆட்டங்களை நீலப் பேனாவிலும், கேலிக் ஆட்டங்களைச் சிவப்புப் பேனாவிலும் வட்டம் போட்டு வைப்பார். நவம்பர் பக்கம் முழுக்க நீலம், ஜூலை பக்கம் முழுக்கச் சிவப்பு. ஏப்ரலில் மட்டும் இரண்டும் கலந்து கிடக்கும். அந்த மாதம் காரின் பின்சீட்டில் ஒரே பையில் இரண்டு ஜெர்சி இருக்கும். ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியிலேயே பையன் காலுறையை மாற்றிக்கொண்டிருப்பான். உங்கள் திட்டப்படி வருடம் முழுக்க ஏப்ரல்தான். அந்த அம்மா எந்தப் பேனாவைத் தூக்கிப் போட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளைப் பற்றியே பேசுவோம்.

இங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் கில்லிபெக்ஸ். நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகம். ஊருக்குள் நுழையும் முன்பே மீன் வாசனை வந்துவிடும் (எனக்கு அது சொந்த ஊர் வாசனை). அயர்லாந்து சாக்கர் அணியின் கேப்டனாக இருந்த ஷேமஸ் கோல்மன் அங்கே 1988 அக்டோபரில் பிறந்தார். உள்ளூர் கேலிக் கிளப்பிலும் ஆடினார், செயின்ட் கேத்தரின்ஸ் என்ற சாக்கர் கிளப்பிலும் ஆடினார். எந்தப் பெரிய கிளப்பின் சிறுவர் அகாடமியிலும் அவர் வளரவில்லை. ஸ்லைகோ ரோவர்ஸ் என்ற அயர்லாந்து கிளப் அவரைக் கண்டுபிடித்தது செயின்ட் கேத்தரின்ஸோடு ஆடிய ஒரு நட்பு ஆட்டத்தில்தான். 2006ல் அங்கே சேர்ந்தபோது வயது பதினேழு. சேர்ந்த பிறகும் வழி சுலபமாக இல்லை. ஒரு கட்டத்தில் கிளப்புக்கு அவர் தேவையில்லை என்ற நிலை. அதற்குப் பின் பால் குக் மேனேஜராக வந்ததால் தப்பித்தார்.

2009 ஜனவரியில் இங்கிலாந்துக் கிளப்பான எவர்டன் அவரை வாங்கியது. விலை 60,000 பவுண்டு. கொஞ்சம் நல்ல கார் ஒன்று வாங்கும் காசு. எவர்டன் ரசிகர்கள் அந்தத் தொகையையே பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். போன புதிதில் காலில் ஒரு கொப்புளம் சீழ் பிடித்து அறுவை சிகிச்சை வரை போனது. எவர்டனுக்கு முதல் ஆட்டம் அந்த ஆண்டு அக்டோபரில் லிஸ்பனில், பென்ஃபிகாவிடம் 5-0 தோல்வி. இப்படித் தொடங்கினால் நம்மில் பலர் ஊருக்கு டிக்கெட் போட்டிருப்போம். அவர் பிளாக்பூல் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கிளப்புக்குக் கொஞ்ச காலம் ஆடக் கடனாகப் போனார். 2010 மே மாதம் வெம்ப்ளியில் கார்டிஃபை 3-2 என்று வென்று அந்த அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2013-14 பருவத்தில் இங்கிலாந்தின் சக ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த அணியில் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், கோல்மன்தான்.

2016 ஜூனில் யூரோ போட்டியில் அயர்லாந்து இத்தாலியை 1-0 என்று வென்ற இரவில் கேப்டன் பட்டை அவர் கையில் இருந்தது. 2017 மார்ச் 24 அன்று டப்ளினில் வேல்ஸுடன் ஆடும்போது அவருடைய வலது கால் முறிந்தது. அதை டிவியில் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து மாதம் கழித்து, 2018 ஜனவரி 31 அன்று, லெஸ்டரோடு நடந்த ஆட்டத்தில் எவர்டனுக்குத் திரும்பி வந்தார். 2019ல் எவர்டனின் கேப்டன். 2025 ஜனவரியில் எவர்டன் தன் மேனேஜரை நீக்கிய சில மணி நேரத்தில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் ஒன்று இருந்தது. முன்னாள் எவர்டன் ஆட்டக்காரர் லெய்டன் பெய்ன்ஸோடு சேர்ந்து அணியைக் கவனித்துக்கொண்டவரும் இவரே. எவர்டனுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 400 ஆட்டங்களுக்கு மேல்.

அப்புறம் 2025 நவம்பர். 37 வயது. கிளப்பில் அரிதாகவே ஆட்டம் கிடைத்துக்கொண்டிருந்த நேரம். அயர்லாந்து அணியின் மேனேஜர் ஹால்கிரிம்சன் அவரை மீண்டும் அழைத்துப் போர்ச்சுகலுக்கு எதிராக இறக்கினார். அயர்லாந்தின் டிராய் பாரட் இரண்டு கோல், 2-0 வெற்றி, ரொனால்டோவுக்குச் சிவப்பு அட்டை. மூன்று நாள் கழித்து புடாபெஸ்டில் ஹங்கேரியை 3-2 என்று கடைசி நொடியில் வென்றபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்த கூச்சலில் எங்கள் வீட்டு நாய் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அடுத்த நாள் ஊரெல்லாம் பாரட் பெயர். டொனகாலில் மட்டும் பாதிப் பேச்சு கோல்மனைப் பற்றி.

இப்போது சொல்லுங்கள். பதினாறு வயதில் "கேலிக்கா, சாக்கரா, ஒன்றைச் சொல்லு" என்று கேட்டிருந்தால் கில்லிபெக்ஸ் பையன் எதைச் சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் அவருடைய ஊரில் கேலிக் ஆடுவது என்றால் கூடப் படித்தவர்கள், சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரோடும் ஆடுவது. அதை விட்டுவிட்டு வா என்றால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

இவர் ஒருவர் மட்டுமா என்று கேட்பீர்கள். கெவின் மோரன் 1976லும் 1977லும் டப்ளினுக்காக அகில அயர்லாந்து கேலிக் பட்டம் வென்றுவிட்டு, 1978ல்தான் மான்செஸ்டர் யுனைடெட் போனார். நியல் குவின் டப்ளின் இளையோர் அணிக்காக ஹர்லிங் (மட்டை வைத்து ஆடும் இன்னொரு கேலிக் ஆட்டம்) மட்டை பிடித்தவர். ஷேன் லாங் அதே ஹர்லிங்கை டிப்பரரிக்காக ஆடியவர். இவர்கள் எல்லோரும் பிறகு உங்கள் சாக்கர் அணிக்கு ஆடியவர்கள். அவர்கள் வந்த பாதையைத்தான் இப்போது அடைக்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நாட்டின் மேல்மட்ட சாக்கர் லீக்கான லீக் ஆஃப் அயர்லாந்து 2003ல் கோடைக்கு மாறியது; அதனால் நல்லதுதான் நடந்தது. ஜனவரியில் எங்கள் பக்க மைதானங்கள் நாற்று நடும் வயல் மாதிரி இருக்கும், ஆட்டத்தைத் தள்ளிப் போட்டே பாதிக் குளிர்காலம் போய்விடும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, பதினெட்டு வயதாகாத பிள்ளைகளை இங்கிலாந்துக் கிளப்புகள் இங்கிருந்து எடுக்க முடியாது. முன்பு அவர்கள் செய்த வளர்ப்பு வேலையை இப்போது நீங்களே செய்தாக வேண்டும். அதற்கு ஒரே சீரான அமைப்பு வேண்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் பதினெட்டு வரை பிள்ளை இங்கேதான் இருக்கப் போகிறான் என்றால், அவசரம் உங்களுக்கு ஏன்? முன்பு இங்கிலாந்துக் கிளப்புகளின் அவசரத்துக்கு நீங்கள் ஓட வேண்டியிருந்தது. இப்போது அது இல்லை. பதினேழில் கண்டுபிடித்தாலும் போதும் என்பதற்கு கோல்மனே ஆதாரம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அகாடமிகளும் மேல்மட்ட லீக்குகளும் உங்கள் நாட்காட்டியிலேயே ஓடட்டும். டொனகால் மாதிரி, கேலிக்கோடு மைதானத்தையும் ஆட்களையும் பங்கிட்டுக்கொள்ளும் ஊர் லீக்குகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். குளிர்காலமா கோடையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கூடவே, எந்த அகாடமியிலும் இல்லாத பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவையாவது யாரையாவது மேற்குப் பக்கம் அனுப்புங்கள். ஸ்லைகோவுக்கு ஒரு நட்பு ஆட்டம் போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா 2028க்கு இன்னும் காலண்டர் வாங்கவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லெட்டர்கென்னி பக்கம் வந்தால் அவர் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். டீ நான் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
லெட்டர்கென்னியிலிருந்து ஒரு தமிழன்