அந்த ஊசியைப் பற்றி

திருநெல்வேலி
19.11.2025

அன்பு மகன் கதிரவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய படத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் இருவரும் படபடத்துப் பாதியிலேயே வைத்துவிடுவோம் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீயும் அவசரப்படாமல் படி.

கென்யாவில் நீ வேலை பார்க்கும் ஓட்டப் பயிற்சி முகாமின் குளியலறைக் குப்பைக்கூடையில் கிடந்த அந்த ஊசியின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்து முறையாவது பார்த்திருப்பேன். மருந்தை உள்ளேயே நிரப்பி விற்கும் வகை. லேபிள் முக்கால்வாசி கிழிந்துபோய், 4000 என்ற எண்ணும் அதை ஒட்டி ஓர் எழுத்தின் கால்பகுதியும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நீ சந்தேகப்படும் எரித்ரோபாய்ட்டின், அதாவது சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன் மருந்து, 4000 யூனிட் அளவில் வருவது உண்மைதான். ஆனால் ரத்தம் உறையாமலிருப்பதற்காகப் போடும் எனாக்ஸாபரினும் 40 மில்லிகிராம் ஊசியில் 4000 யூனிட் என்று அச்சிட்டு வருவதுண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். இரண்டையும் தோலுக்கடியில் போடுவதுண்டு. டயாலிசிஸ் வார்டில் பதினெட்டு ஆண்டுகள் இரண்டையும் தினமும் கையாண்ட எனக்கே இந்தப் படத்தை வைத்து எதுவென்று சொல்ல முடியவில்லை. காலில் அறுவை செய்துகொண்டு முகாமில் படுத்திருப்பவர் யாராவது உண்டா என்று நீ விசாரித்தாயா? அதற்கு முன்பே, "இங்கே ஓடுகிற எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது அம்மா" என்று எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னை உறங்கவிடவில்லை.

உன் சந்தேகம் காரணமில்லாதது என்று நான் சொல்லவில்லை. அந்த மருந்தை நன்றாக அறிந்தவள் என்பதால் உன்னைவிட எனக்குக் கோபம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த ஹார்மோன் உடலில் சுரப்பது குறைந்து, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை உண்டாக்குவது தளர்ந்து, ஹீமோகுளோபின் ஆறு, ஏழு என்று இறங்கிவிடும். வார்டின் மூன்று படிகளை ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கிய ஒரு நெசவாளர், வாரம் இரண்டு ஊசி வீதம் போட்டு இரண்டு மாதம் கழிந்தபின், தானே மாடியேறி வந்து என்னிடம் ஆரஞ்சுப் பழம் கொடுத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட மருந்து அது. அந்த நோயாளிகளுக்கே ஹீமோகுளோபின் பன்னிரண்டை நெருங்கினால் மருத்துவர் அளவைக் குறைக்கச் சொல்லிவிடுவார். ரத்தம் கெட்டியானால் கட்டி உறைந்து மூளையையோ இதயத்தையோ அடைத்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். கடல் மட்டத்திலிருந்து 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இட்டென் ஊரில், மலைக்காற்றே சிவப்பணுக்களைப் பெருக்கித் தந்திருக்கும் ஒரு நல்ல உடம்பில், ரத்தம் பார்க்க மருத்துவர் ஒருவரும் இல்லாமல், யாரோ ஒரு தரகர் சொன்ன கணக்கில் அதைச் செலுத்துகிறார்கள் என்பதை நினைக்கும்போது என் வயிறு எரிகிறது.

இப்படி நடந்திருக்கிறது என்பது வதந்தியல்ல. பாஸ்டன் மாரத்தானை மூன்று முறை வென்ற ரீட்டா ஜெப்டூ 2014இல் இதே மருந்துக்குத்தான் பிடிபட்டார். ரியோவில் கென்யப் பெண்களுக்கு முதல் ஒலிம்பிக் மாரத்தான் தங்கத்தை வாங்கித்தந்த ஜெமிமா சும்கோங் 2017இல் பிடிபட்டபோது, மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை நடந்ததாகச் சொல்லி ஆவணங்களைக் காட்டினார்; அவை போலி என்று தெரிந்தபின் நான்காண்டுத் தடை எட்டாண்டானது. கையெழுத்திட்ட ஒவ்வொரு கேஸ் ஷீட்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டு வேலை பார்த்தவள் நான். ஊசியைவிட அந்தப் போலிக் காகிதம்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

பிடிக்க வேண்டியவர்களும் எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை. சோதனைக்காரர்கள் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடப் பத்தாயிரம் பவுண்டு கேட்டதாக ரகசியக் கேமராவில் சிக்கிய கென்யத் தடகள அணி மேலாளரை ரியோ ஒலிம்பிக்கின் நடுவிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1500 மீட்டரில் மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்பெல் கிப்ரோப்பின் விவகாரத்தில், சோதனை குறித்து அவருக்கு முன்தகவல் போயிருந்ததை, உலகத் தடகளத்தில் ஊக்கமருந்து வழக்குகளைக் கவனிக்கும் தடகள நேர்மைப் பிரிவே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவருடைய மாதிரியில் மருந்து இருந்ததால் நான்காண்டுத் தடை நின்றது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், எல்லோரும் என்ற சொல்லை நீ எழுதக்கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல்லை நான் ஒரு முறை மனத்துக்குள் சொல்லிவிட்டு அதன் விலையை இன்னொருவர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உனக்கு அப்போது ஆறு வயது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், வார்டு குளிர்ப்பெட்டியிலிருந்த இந்த ஊசிகளில் மூன்று குறைந்தன. அப்போது அதன் விலை அதிகம். நோயாளியின் வீட்டார் நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வார்டு உதவியாளராக இருந்த ஓர் இளைஞன் மேல் எல்லோருடைய பார்வையும் விழுந்தது. அவன் ஏழை, அவன் அண்ணன் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தான், குளிர்ப்பெட்டிச் சாவி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும் என்பவை தவிர அவனுக்கு எதிராக ஒன்றுமே இல்லை. நான் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் கொண்டுவந்த தேநீரை மட்டும் வாங்காமல் இருந்தேன். ஒன்பது நாள் கழித்து, இரவுப் பணியில் இருந்தவர் அவசரத்தில் மூன்று ஊசிகளை வேறொரு நோயாளியின் பெயரில் பதிந்திருந்தது தெரியவந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும்கூட.

இப்போது நீ தினமும் விடியற்காலையில் கால் பிடித்துவிடும் கென்யாவின் நந்திப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பையனை நினைத்துப்பார். ஆறு மாதத்தில் அவன் நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது என்பதுதான் அவன் மேல் உனக்குள்ள சந்தேகம். பதினெட்டு வயதில் ஒழுங்கான பயிற்சிக்கு முதன்முதலாக வந்து, மூன்று வேளையும் உகாலி என்ற மக்காச்சோளக் களியைச் சாப்பிட்டு, மதியம் உறங்கக் கிடைத்த ஒரு பையனுக்கு நேரம் குறையாமல் என்ன செய்யும்? வேகத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டினால், மெதுவாக ஓடுபவன் மட்டும்தான் நல்லவன் என்றாகிவிடும்.

சந்தேகப்படுவதற்கு ஒரு முறை இருக்கிறது, கதிர். அதை வைத்துத்தான் ஊக்கமருந்துத் தடுப்புக்காரர்கள் உயிரியல் கடவுச்சீட்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து அதில் முடிவு சொல்வதில்லை. நாங்கள் நோயாளியின் சார்ட்டைப் பல மாதங்கள் சேர்த்துப் பார்ப்பதுபோல, ஓர் ஓட்டக்காரரின் ஹீமோகுளோபினையும் புதிதாகப் பிறக்கும் சிவப்பணுக்களின் விகிதத்தையும் ஆண்டுக்கணக்கில் அவருடைய பழைய அளவுகளோடு மட்டுமே ஒப்பிடுகிறார்கள். மருந்து ஏறும்போது இளம் அணுக்கள் பெருகும்; நிறுத்தியதும், போதுமான ரத்தம் இருக்கிறது என்று உடம்பு எண்ணிக்கொள்வதால், ஹீமோகுளோபின் உயர்ந்திருக்கும்போதே இளம் அணுக்கள் சட்டென்று சரியும். மலையேறி இறங்குவதாலும் மாற்றம் வரும் என்பதால் எந்த உயரத்தில் எத்தனை நாள் இருந்தார் என்பதையும் கேட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். 10 கிலோமீட்டரை 26 நிமிடம் 24 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த ரோனெக்ஸ் கிப்ருட்டோவுக்கு 2024இல் ஆறாண்டுத் தடை வந்தது இந்த வழியில்தான்; மருந்து அவர் உடம்பில் அகப்படவில்லை, ரத்தத்தின் வரலாறு அகப்பட்டது. முன்பு அங்கிருந்து ரத்த மாதிரியைக் கெடாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது. நைரோபியில் அதற்கென ஆய்வகம் வந்தது 2018இல்தான். நிறையப் பேர் பிடிபடுவதற்கு, நிறையச் சோதிக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம் என்பதை மறக்காதே. 2022இல் நாட்டுக்கே தடை வரும் என்ற நிலை வந்தபோது, ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு இதற்கென ஒதுக்குவதாக அரசு உறுதி கொடுத்தது.

கென்ய மாரத்தான் ஓட்டக்காரி ரூத் செப்ன்கெடிச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். சென்ற ஆண்டு சிகாகோவில் 2 மணி 9 நிமிடம் 56 விநாடி ஓடியபோதே பலர் புருவத்தை உயர்த்தினார்கள். இந்த ஆண்டு மார்ச்சில் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மருந்து இருந்தது. அளவு மில்லிலிட்டருக்கு 3800 நானோகிராம். 20 வரைதான் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையைச் சாப்பிட்டதாக அவர் சொன்னார். மூன்றாண்டுத் தடை வந்துவிட்டது. சிகாகோ சாதனை மட்டும் பட்டியலில் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அந்த நாளைப் பற்றி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எனக்கு மனம் ஆறவில்லைதான். ஆனாலும் நிரூபித்த அளவுக்கு மட்டும் தண்டிப்பதுதான் சரி என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே பெயர், 12.5 மில்லிகிராம் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. சிறுநீரைப் பெருக்கி மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால்தான் விளையாட்டில் அதற்குத் தடை. அந்தப் பையன் தலைவலிக்கென்று யார் வீட்டு மாத்திரையையாவது வாயில் போட்டுக்கொள்வதற்கு முன் அட்டையை உன்னிடம் காட்ட வேண்டும். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது உன் வேலை.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட 2023ஆம் ஆண்டுக் கணக்கில், அதிகமாகச் சோதனை செய்த நாடுகளிடையே தவறு அகப்பட்ட விகிதத்தில் இந்தியாதான் முன்னால் நிற்கிறது. கென்யர்களைப் பற்றிப் பேசும்போது அது நம் நினைவில் இருக்க வேண்டும்.

என் நெஞ்சில் தைத்திருப்பது இன்னொரு பெண்ணின் கதை. ஜெப்டூ முதலில் வந்த 2014 பாஸ்டன் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் எத்தியோப்பியாவின் புஸுனேஷ் டெபா. பட்டம் அவருக்கு மாறியது. முதற்பரிசுக்கு உரிய பணமோ பத்தாண்டுகள் நெருங்கியும் அவர் கைக்கு வரவில்லை. 2024இல் அந்தச் செய்தியைப் படித்த, முன்பின் அறியாத ஓர் அமெரிக்கர் தன் சொந்தப் பணத்திலிருந்து 75,000 டாலரை அவருக்கு அனுப்பினார். இறுதிக் கோட்டைத் தாண்டிய அந்த நிமிடத்தில் தன் பெயரை முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்; அதை எந்தப் பணத்தாலும் திருப்பித் தர முடியாது. நீ கண்ணை மூடிக்கொண்டால் உன் முகாமிலேயே ஒரு டெபா இருக்கலாம். நீ எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால், ஊசியே தொடாமல் ஓடுபவரிடமிருந்து நீயும் ஒரு முறை திருடியவன் ஆகிறாய். இந்தச் செப்டம்பரில் பெர்லின் மாரத்தானில் வென்ற கென்யர் சபாஸ்டியன் சாவே, தன்னைக் கூடுதலாகச் சோதியுங்கள் என்று தானே கேட்டு, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் 25 முறை சோதனைக்கு உட்பட்டார். நன்றாக ஓடியவன் தன் சுத்தத்தையும் தானே சுமந்து காட்ட வேண்டிய நிலைக்கு அந்த ஊரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஊசி இன்னும் உன்னிடம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல் உறையில் போட்டு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் எடுத்தாய் என்று எழுதி வை. கென்யாவின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கோ தடகள நேர்மைப் பிரிவுக்கோ அந்தச் செய்தியை மட்டும் தெரிவி. யார் பெயரையும் சேர்க்காதே. கண்ணால் கண்டது ஊசியை மட்டும்தான். மேலாளர் வருத்தப்படுவார், வேலை போய்விடும் என்று தயங்காதே. ஓட்டக்காரர்களைப் போலவே அவர்களுக்குத் துணை நிற்கும் உன் போன்றவர்களும் விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். தெரிந்தே மறைக்க உதவுவது உன்னையும் குற்றவாளியாக்கிவிடும். வேலை போனால் வீடு இருக்கிறது.

நாளைக் காலை அந்தப் பையன் வந்து படுத்தால், எப்போதும் போல எண்ணெயைக் கையில் சூடாக்கிக் கெண்டைக்காலைப் பிடித்துவிடு. அவன் தேநீர் கொண்டுவந்தால் வாங்கிக் குடி.

அறுவை செய்துகொண்டவர் யாராவது முகாமில் இருக்கிறாரா என்று விசாரித்து உடனே எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா