நீச்சல் முடிவுகளில் நேரமும் இடம்பெறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்தும் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை நான். மாவட்டப் போட்டி முடிவுகளில் என் மகளின் பெயர் தங்கள் நாளிதழில் வெளிவந்தபோது தெருவே வாழ்த்தியது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அவள் நீந்திய நேரம் மட்டும் அச்சாகவில்லை.

விரைவு நீச்சலில் வளர்ச்சியைக் காட்டுவது பதக்கமன்று, நேரமே. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் அந்தோனி எர்வினும் கேரி ஹால் ஜூனியரும் 21.98 விநாடியில் ஒன்றாகச் சுவரைத் தொட்டுத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய் 21.25 விநாடியில் வென்றபோது இரண்டாமவர் பின்தங்கியது 0.05 விநாடிதான். மேடையிலிருந்து பாய்வதில் சற்றே தயங்கினாலும், கடைசிக் கைவீச்சை முழுதாக நீட்டாமல் சுவரைத் தொட்டாலும் பல மாத உழைப்பு வீணாகிவிடும். என் மகள் முதன்முதலாக 30 விநாடிக்குள் வந்தது நான்காமிடம் பெற்ற போட்டியில்தான். பதக்கப் பட்டியலில் அதற்கு ஏது இடம்?

ஆகவே, இனி நேரத்தையும், குளம் 25 மீட்டரா 50 மீட்டரா என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். சிறிய குளத்தில் திரும்பும்போது சுவரை உதைத்துப் பெறும் வேகத்தால் நேரம் பொதுவாகக் குறைந்தே வரும் என்பதால், இரண்டையும் ஒப்பிடும் பெற்றோர் வீணாகக் குழம்புகின்றனர் (பிள்ளைகளைக் கடிந்துகொள்வோரும் உண்டு). நேரத்தை அளந்தது, நீந்துபவர் தொட்டதும் நேரத்தைப் பதியும் மின்னணுத் தொடுபலகையா, ஸ்டாப்வாட்சா என்றும் குறிப்பிட்டால் இன்னும் நல்லது. இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு நீச்சல் வீராங்கனையின் தந்தை,
சென்னை