பந்தலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், கொல்லைக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கும்

பங்கு மக்களுக்கும், பங்கைச் சேராத நம் ஊர்க்காரர்களுக்கும் பெண்கள் பணிக்குழுவின் வணக்கம்.

வேளாங்கண்ணி மாதா திருவிழாக் கொடி இறங்கிவிட்டது, அங்கே நடந்து போகிறவர்களுக்காக நாம் போட்ட பந்தலையும் பிரித்தாயிற்று. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே ஆரம்பித்து, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்கும் சென்னை, பாண்டி, கடலூர்ப் பக்கமிருந்து காவி உடுத்தி, மாதா தேரைத் தள்ளிக்கொண்டு, சீர்காழி வழியாக நடந்து வருகிறவர்கள் நம் சாலையில் போய்க்கொண்டே இருப்பார்கள். தரங்கம்பாடிப் பக்கத்தில் யாருக்கும் இது புதிதில்லை.

அரிசி, மோர், காய்கறி கொடுத்தவர்களுக்கும், முறை வைத்துச் சமைத்த அன்பியங்களுக்கும் (நம் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்கள்) நன்றி. சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை குறை வரவில்லை, இரண்டாம் நாள் ரசத்தைத் தவிர.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. சோறு போட வழிநெடுக ஆள் இருக்கிறார்கள், கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்கள். நடந்து வருகிற பெண் எங்கே ஒதுங்குவாள், எங்கே குளிப்பாள், வழியில் மாதவிலக்கு வந்தால் எங்கே போய் மாற்றுவாள் என்று கேட்கத்தான் ஆளில்லை. ஆண்கள் போர்செட்டில் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். போன வருஷம் பந்தலுக்கு வந்த பெண்கள் பலர், அந்த வெயிலில், தண்ணீரே வேண்டாம் என்றார்கள். துருவிக் கேட்டபோது ஒரு பெண் சொன்னாள்: "குடிச்சா போகணும்க்கா, எங்க போறது?"

அந்தப் பேச்சைத்தான் இந்த வருஷம் முதல் கூட்டத்திலேயே எடுத்தோம். பள்ளிக்கூடத்துக் கழிவறை வார நாட்களில் பிள்ளைகளுக்கே பற்றாது. அதனால் சாலையோர வீடுகளில் போய்க் கேட்டோம். முன்பின் தெரியாதவர்களை எப்படி உள்ளே விடுவது என்று தயங்கியவர்களும் உண்டு, அவர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை, வயசுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பயம் நியாயம்தான்.

திறந்துவிட்டவர்களுக்கு என்ன சொல்ல! மாதா கோவில் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டில் கொல்லைக் கதவு ராத்திரியும் தாழ் போடவில்லை. டீக்கடை பாய் வீட்டு அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, வாளி வாளியாக வெந்நீர் வைத்து, குளித்து வந்தவர்களுக்குத் தலை துவட்டத் தன் வீட்டுத் துண்டையே கொடுத்தார். மாரியம்மன் கோவில் பக்கத்து வீட்டு அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "சோப்பு தீர்ந்தா யாரு வாங்குவா, நானா நீங்களா?" கடைசியில் அவரே வாங்கிவிட்டார். ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் நிறைந்துபோய் லாரியை வரவழைக்க வேண்டியதாயிற்று, அந்த அண்ணன் முகம் சுளிக்கவில்லை, நாங்கள் கொடுத்த லாரிக் காசையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்புறம், லீவு போட்டு வந்த நர்ஸ் அக்காவுக்கு. வெறுங்காலில் வருகிறவர்களின் பாதத்தில் தார் ரோட்டுச் சூடு என்ன செய்யும் என்பதை அவரோடு உட்கார்ந்தபோதுதான் கிட்டத்தில் பார்த்தோம். கொப்புளத்தை ஊசியால் குத்தப் போன பையனை அதட்டி நிறுத்தி, அது தானாக உடைந்திருந்தால் மட்டும் கழுவித் துடைத்துக் கட்டுப் போட வேண்டும், சர்க்கரை உள்ளவர் காலில் புண் இருந்தால் நாமே வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு பெரியம்மா காலை நீட்டக் கூச்சப்பட்டு, "நான் கிறிஸ்டின் இல்லம்மா" என்றார். நர்ஸ் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "நானும் இல்ல, காலைக் காட்டுங்க" என்றார்.

தினமும் கழிவறைகளைக் கழுவிய இளைஞர் குழுப் பையன்களுக்குத் தனி நன்றி. இந்த வேலை பெண்களுடையது என்று பேசிய பெரியவர் ஒருவருக்கு அவர்களே பதில் சொல்லிவிட்டதால் நாங்கள் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வண்டி அனுப்பிய ஊராட்சிக்கும், சாவிக் கொத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு எதிலும் தலையிடாத பங்குத் தந்தைக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், பாருங்கள். இரண்டு அண்டா மூடி, ஒரு பித்தளைக் கரண்டி, பெயர் வெட்டாத எவர்சில்வர் தூக்கு ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.