விளக்கு வாங்குமுன்: வீட்டினுள் நாற்று வளர்ப்போருக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெப்ரவரி பிறந்ததும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலுள்ள எமது விதைக்கடைக்கு வருவோரிற் பலர் முதலிற் கேட்பது, இருப்பதைவிடப் பெரிய விளக்கு ஒன்று வேண்டும் என்பதையே. கத்தரியும் மிளகாயும் வெளிறி நெடுத்து, மே மாதத்தில் வெளியே நட்டதும் சாய்ந்துவிட்டன என்றும், விதையோ விளக்கோ சரியில்லை என்றும் சொல்கிறார்கள். பெரிய விளக்கை விற்பதால் எமக்கு நட்டம் ஏதுமில்லை. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் ஏற்கனவே இருக்கும் விளக்கே போதுமானது என்பதும், அதைத் தொங்கவிடும் உயரம், எரிய விடும் நேரம், அறையின் வெப்பம், விதை போடும் நாள் ஆகியவற்றையே திருத்த வேண்டும் என்பதும் எமது கருத்து. அதை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

யன்னலோரம் ஏன் போதாது என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் திறந்த வெளியில் நாற்றுமேடை அமைத்து, வெயில் அதிகம் என்று கிடுகால் நிழல் போட்டுப் பழகியவர்களுக்கு அக்கேள்வி இயல்பானதே. ரொறன்ரோவில் மார்ச் நடுப்பகுதியிற் பகற்பொழுது பன்னிரண்டு மணி நேரத்தை எட்டிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒளி முகில் மூடிய வானத்திலிருந்து, இரட்டைக் கண்ணாடியைக் கடந்து, ஒரு பக்கமாக மட்டுமே வந்து சேர்கிறது. போதிய ஒளி கிடைக்காத நாற்று இலையைப் பெருக்காமல், ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. எமது கண் மங்கலான ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இந்தக் குறை எமக்குத் தெரிவதில்லை. நன்றாக வெளிச்சமாயிருக்கிறது என்று நாம் நினைக்கும் அறையில் 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவே இருக்கும். தக்காளி நாற்றுக்கோ வெள்ளை விளக்கின் கீழ் 14,000 லக்ஸ் அளவில் வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, இலை இருக்கும் உயரத்தில் தொலைபேசியை வைத்துப் பாருங்கள். அதன் கணக்கு மிகத் துல்லியமாக இராது. எனினும் 3,000 காட்டுகிறதா, 13,000 காட்டுகிறதா என்று அறிய அது போதும்.

விளக்குப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பவற்றில் இரண்டு விடயங்களை மட்டும் கவனித்தாற் போதும். ஒன்று, விளக்கு உண்மையில் இழுக்கும் மின்சாரம். "1000 வாட்டுக்கு இணையானது" என்று பெரிய எழுத்திற் போட்டிருக்கும் விளக்கு, பின்பக்கச் சிறிய எழுத்தின்படி 100 வாட்டைக்கூட எட்டாமல் இருக்கலாம். சிறிய எழுத்தையே நம்புங்கள். மற்றையது நிறம். வெள்ளை ஒளியின் சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவில் 5000 முதல் 6500 வரையிலான சாதாரண வெள்ளை எல்ஈடி நாற்றுக்கு முற்றிலும் பொருத்தமானது. ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குகளாலும் செடி வளரும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒளியில் இலை மஞ்சளாவதோ பூச்சி பிடித்திருப்பதோ கண்ணுக்குத் தெரியாது, வீட்டிலுள்ளவர்களுக்கும் தொல்லை. ஆகவே அவற்றை நாம் விற்பதில்லை. வாகனத் தரிப்பறையில் மாட்டும் நாலடி நீள, 40 வாட் வெள்ளை எல்ஈடி விளக்கு ஒன்று, நீளவாட்டில் அடுத்தடுத்து வைத்த இரண்டு நாற்றுத் தட்டுகளுக்குப் போதும்.

அந்த விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதிலேதான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். கூரையில் மாட்டிய விளக்கு எத்தனை வாட்டாயினும் தரையிலுள்ள தட்டுக்குப் பயன்படாது. பழைய குழல்விளக்காயின் இலைநுனிக்கு மேலே 5 முதல் 8 சென்ரிமீற்றர், மேலே சொன்ன எல்ஈடியாயின் 15 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். சங்கிலியில் மாட்டினால் செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக உயர்த்தலாம். விளக்கை இறக்க வழியில்லையெனின் தட்டின் கீழே பெட்டிகளை அடுக்கி அதை உயர்த்துங்கள். இலைகளுக்கிடையே தண்டு நீண்டு தெரிந்தால் விளக்கு தூரம். மேலிலைகள் வெளிறி விளிம்பு சுருண்டால் அது அளவுக்கு மீறிக் கிட்ட.

நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் ஒளி வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் எரியவிட்டால் விரைவாக வளரும் என்று எண்ணிவிடாதீர்கள்: இடைவிடாத ஒளியில் தக்காளியினதும் கத்தரியினதும் இலைகள் மஞ்சளாகிக் கெட்டுப்போகும். எந்த மணிக்குப் பகல், எந்த மணிக்கு இரவு என்பதை நாற்று பார்ப்பதில்லை. ஆகையால் நேரவாரிக் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள் ரைமரை மாலை 7 மணியிலிருந்து காலை 9 மணிவரை வைக்கலாம். ஒன்ராறியோவில் வார நாட்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மின்கட்டணம் குறைவு என்பதால், பதினாலு மணி நேரத்தில் பன்னிரண்டு குறைந்த கட்டணத்திலேயே கழியும். குளிரான இரவில் விளக்கின் சிறு சூடும் நாற்றுக்கு உதவும். 40 வாட் விளக்கு இவ்வாறு பத்துக் கிழமை எரிந்தாலும் 39 அலகு மின்சாரமே செலவாகும்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மிளகாயும் கத்தரியும் முளைக்க மண் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடாக இருப்பது நல்லது. குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையின் தரை அதற்கு மிகக் கீழே இருப்பதால், மூன்று கிழமையாகியும் முளைக்காத மிளகாய் விதையைக் குறைசொல்வதற்கில்லை. தட்டின் கீழே சூடாக்கும் விரிப்பை வையுங்கள். பாகல் விதையின் தடித்த ஓட்டை, கூர்ப்பக்கத்தில் நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, ஓரிரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு நட்டால் விரைவில் முளைக்கும்; உள்ளே வெண்பருப்பு வெட்டுப்படாமற் பார்த்துக்கொள்ளுங்கள். முளைக்கும்வரை இவற்றுக்கு ஒளி தேவையில்லை. ஆனால் முளை கழுத்தை வளைத்துக்கொண்டு மண்ணைப் பிளந்து எழும் அன்றே விளக்கைப் போட்டாக வேண்டும். இருட்டிலும் சூட்டிலும் ஓரிரு நாள் விட்டாலே தண்டு நெடுத்துவிடும். பிறகு எந்த விளக்காலும் அதைச் சுருக்க முடியாது. பெரும்பாலான முளைகள் வந்ததும் விரிப்பை எடுத்துவிடுங்கள். அதன்பின் விளக்கு எரியும் வேளையில் 20 பாகைக்குச் சற்று மேலும், ஒளியில்லாத வேளையில் சற்றுக் குறைவாகவும் இருந்தால் தண்டு தடித்து வளரும்.

அவசரப்பட்டு விதைப்பதும் நெடுத்த நாற்றுக்கு ஒரு காரணம். மே 25க்கு முந்திய திங்களன்று வரும் விக்ரோறியா தினத்தை ஒட்டியே இங்கு தக்காளியை வெளியே நட முடிகிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரவு வெப்பம் 13 பாகைக்குக் கீழே போகாத நாள் வரவேண்டும், அது பெரும்பாலும் ஜூன் தொடக்கம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், மிளகாய்க்கும் கத்தரிக்கும் மார்ச் மாதமும், தக்காளிக்கு மார்ச் கடைசியும் ஏப்ரல் முதற்கிழமையும் சரியான காலம். பாகல், பிடலை, பூசணி ஆகியவை வேர் அசைவதைப் பொறுக்காதவை; மே தொடக்கத்திற் காகிதச் சாடியில் நட்டு, சாடியோடு மண்ணில் வைக்கலாம். பயிற்றைக்கு விளக்கே வேண்டாம், மண் சூடேறியதும் நேரே நடுங்கள். பெப்ரவரியில் தக்காளி போட ஆசைப்படுபவர்களை நாம் தடுக்க முடியாது. ஏப்ரலில் அது விளக்கை முட்டும்போது எம்மிடம் வராதிருந்தாற் சரி.

தோட்டத்து மண்ணை வீட்டினுள் கொண்டுவர வேண்டாம். நாற்றழுகல் நோய் பெரும்பாலும் அதனோடும், எப்போதும் ஈரமாயிருக்கும் மேற்பரப்போடும் வருகிறது. தட்டின் அடியில் நீர் விட்டு அரை மணி நேரத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுவதும், சிறிய மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுவதும் போதுமான காப்பு. விதையிலைகளை அடுத்து வரும் முதல் உண்மை இலைகள் விரிந்தபின் திரவப் பசளையைக் குறித்த அளவிற் காற்பங்காகக் கரைத்து விடலாம்.

வெளியே நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாட்கள் செடியைப் பழக்குங்கள். தெளிந்த கோடை நண்பகல் வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். உங்கள் விளக்கின் கீழ் வளர்ந்த நாற்று அதில் ஏழில் ஒரு பங்கையே கண்டிருக்கிறது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, காலை வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டுங்கள்.

புதிய விளக்கு வாங்க எண்ணியிருப்பவர்கள், வீட்டிலுள்ள விளக்கின் பின்பக்கச் சிட்டையையும், தட்டின் மேல் அது தொங்கும் நிலையையும் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பார்த்துவிட்டு, போதுமென்றால் போதுமென்றே சொல்வோம். இதற்கெல்லாம் இடமோ நேரமோ இல்லாதவர்களுக்கு, வெயிலுக்குப் பழக்கிய கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள் விக்ரோறியா தினத்துக்கு முந்திய கிழமையிலிருந்து கடை வாசலிற் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடையினர்